மழையா, உளியா?

டென்மார்க்கில் நான் செய்த முதல் வேலை, செத்துப்போன ஒரு மொழியின் எழுத்துகளை வரைவது. சொன்னால் ஆட்கள் இப்போதும் சிரிக்கிறார்கள். இக்காஸ்ட் நகரத்தில் துணித் தொழிற்சாலைக்குப் போனவர்கள், இறைச்சி வெட்டப் போனவர்கள், கோப்பை கழுவப் போனவர்கள் எல்லாரிடமும் நம்பும்படியான கதை இருக்கிறது. என் கதையைக் கேட்டால் மட்டும், "அண்ணை, உண்மையாத்தான் சொல்லுறியளோ, இல்லாட்டி எங்களைப் பேய்க்காட்டுறியளோ?" என்பார்கள். பேய்க்காட்ட எனக்கு வேறு வேலை இல்லையா!

ஊரில் நான் நில அளவை அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், படம் கீறுகிறவன். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டபின் வைலே என்கிற ஊரில் மன்னார்த் தம்பி ஒருவனோடு ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு, பகலில் மொழிப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அங்கே ஒவ்வொருவரையும் சில மாதம் எங்காவது வேலை பழக அனுப்புவார்கள். ஊரில் என்ன தொழில் என்று ஆசிரியை கேட்டபோது, அன்றைக்கு எனக்குக் கைவசம் இருந்த டேனிஷில் "பேனை, கோடு, காணி" என்றேன். அவள் என்னத்தை விளங்கிக்கொண்டாளோ தெரியாது, ஓர்ஹூஸ் நகரத்தில் பழைய கல்வெட்டுகளை ஆராய்கிற ஒருத்திக்குப் படம் கீற ஆள் தேவை என்று என்னை ரயில் ஏற்றிவிட்டாள்.

அந்த ஆராய்ச்சிக்காரி என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை. முதல் நாளே என்னை "நீ" என்று கூப்பிட்டாள். இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தும் எனக்குச் சுருக்கென்றது. ஊரில் என் மேலதிகாரியே என்னை "நீர்" என்றுதான் சொல்வார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. மேசை நிறையக் கிடந்த தடித்த காகிதங்களைக் காட்டி, "இதுதான் உன் வேலை" என்று சொல்லிவிட்டுத் தன் கறுத்த பாண் துண்டைக் கடிக்கத் தொடங்கினாள்.

காகிதங்கள் துருக்கியின் தெற்குக் கரையிலிருந்து வந்தவை. அங்கே இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் லிக்கியர் என்று ஒரு சனம் இருந்தது. மலையைக் குடைந்து, வீட்டு வாசல் மாதிரியே கல்லறை கட்டி, அதன் நெற்றியில் எழுத்து வெட்டி வைத்தார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஈரக் காகிதத்தை அந்தக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்துப் பதித்து, காய்ந்தபின் உரித்தெடுத்தார்கள். கல்லில் இருந்த ஒவ்வொரு குழியும் காகிதத்தில் மேடாக நின்றது. அதன்மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, தெரிவதைத் தெரிந்த மாதிரியே நான் வரைய வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான்தான் நினைத்தேன். முதல் கிழமை நான் வரைந்து கொடுத்த படத்தை அவள் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த எழுத்தின் வலது கால் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். காகிதத்தில் இல்லைத்தான். பாதி எழுத்து உடைந்து போயிருந்தது. நான் மற்றப் பாதியைப் போட்டு முடித்திருந்தேன். எங்கள் கந்தோரில் அதுதான் வழக்கம். கறையான் தின்ற பழைய காணிப் படம் வந்தால், மிஞ்சிய கோட்டைப் பிடித்து நீட்டி, எல்லையை மூடிக் கொடுக்க வேண்டும். எல்லை மூடாத காணிப் படத்தை யார் எடுப்பார்கள்? நாளைக்கே வேலிச் சண்டை வந்துவிடும்.

அவளுடைய அறையில் அது கொலைக்குச் சமம். "இங்கே எல்லை மூடக்கூடாது" என்றாள். பிறகு பொறுமையாகச் சொல்லித் தந்தாள். எழுத்து மங்கலாக இருந்து சந்தேகம் என்றால் அதன் கீழே ஒரு புள்ளி. எழுத்தே போய்விட்டால் சதுர அடைப்பு, அதற்குள்ளே மற்றக் கல்வெட்டுகளைப் பார்த்து நாமாக ஊகித்த சொல். ஊகிக்க வழி இல்லையென்றால் அடைப்புக்குள் வெறுமை. எல்லாம் பென்சிலால். அவள் சரி சொன்னபிறகுதான் மை. கந்தோரில் இத்தனை வருடம் மையால் கீறியவனுக்குப் பென்சிலைத் தந்தால் எப்படி இருக்கும்? பாலர் வகுப்புக்கு இறக்கிவிட்ட மாதிரி எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு செய்தேன்.

செய்யச் செய்யத்தான் அந்தக் கற்கள் என்ன சொல்கின்றன என்று எனக்குப் பிடிபட்டது. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம். இந்தக் கல்லறையை இன்னாருடைய மகன் இன்னார் கட்டினான், தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். மனைவிக்கு அவர்கள் மொழியில் 'லதா' என்று சொல்வார்களாம். மன்னார்த் தம்பியிடம் சொன்னபோது அவன் சோற்றுக் கோப்பையோடு விழுந்து விழுந்து சிரித்தான். சில கற்களில் இன்னும் நீளும். இன்னின்னாரை உள்ளே வைக்கலாம், வேறு யாரையும் கொண்டுவந்து வைத்தால் இந்தக் கோயிலின் அம்மா தண்டிப்பாள். அம்மன் தண்டிப்பாள் என்றால் எனக்கு விளக்கம் தேவையா! யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே கேள்விக்கு நானும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் காத்திருந்தேன்.

என் மனைவியும் மகனும் அண்ணனின் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார்கள். அண்ணனும் அண்ணியும் கண்டி வீதியில் பஸ் புரண்டதில் போய்ச் சேர்ந்தபோது அவள் கைக்குழந்தையாக இருந்தாள். அன்றைக்குத் தூக்கியவள்தான் என் மனைவி, பிறகு இறக்கவே இல்லை. அந்தப் பிள்ளை என்னைச் சித்தப்பா என்பாள், மனைவியைச் சின்னம்மா என்பாள். அப்பாவும் அம்மாவும் அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறார்கள், இன்னும் என்ன பத்திரம் வேண்டும்? அண்ணன் பிள்ளையைத் தத்தெடுப்பது என்பது சொந்த வீட்டுக்கு வாடகை கொடுப்பது மாதிரி. எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

ஆகவே இந்த நாட்டில் இறங்கியதும் பொலிஸ் விசாரணையில் "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டபோது, யோசிக்காமல் "இரண்டு" என்றேன். அது பொய்யில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இரண்டு என்றுதான் சொல்வேன். ஆனால் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்து, பிறப்புச் சான்றிதழ்களை அனுப்பியபோது, இரண்டாவது பிள்ளைக்கு வேறு தாய், வேறு தகப்பன். இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற ஒரு வழக்கறிஞரிடம் போனேன். நல்ல மனிதர், சைக்கிளில் வந்து காற்சட்டைக் காலில் கிளிப்போடு உட்கார்ந்திருப்பார். "கொழும்பு நீதிமன்றத்தில் பாதுகாவலர் பத்திரம் எடுத்து அனுப்பு. அவளுக்குப் பதினெட்டு வயது ஆகுமுன் முடிவு வந்தால் வாய்ப்பு இருக்கிறது. பதினெட்டு தாண்டினால் அவள் பிள்ளையில்லை" என்றார். மனைவி அலைந்து அலைந்து பத்திரத்தை எடுத்து அனுப்பினாள். பிள்ளைக்கு அப்போது பதினாறு. காலம் இருக்கிறது என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. சட்டத்தில் இடம் இருக்கிறது. பத்திரம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. 'முடியாது' என்று யாரும் சொல்லவில்லை. 'முடியும்' என்றும் சொல்லவில்லை. தொலைபேசி எடுத்தால், உங்கள் விஷயம் பார்வையில் இருக்கிறது என்று ஒரு குரல் நல்ல மரியாதையாகச் சொல்லும். கடிதம் போட்டால் அதே வசனம் கடிதத்தில் வரும். யாராவது என்னைத் திட்டித் துரத்தியிருந்தால் விளங்கியிருக்கும். இவ்வளவு மரியாதையாகச் சொல்கிற ஒரு விஷயத்தில் பிழை இருக்கும் என்று எப்படி நினைப்பது?

பிழை என்னிடம்தான் என்று நினைத்தேன். நான் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் காத்திருந்த ஒவ்வொரு தமிழனும் தன் பைலில் பிழை தேடிக்கொண்டிருந்தான். ஒருவர் மனைவியின் படத்தில் தலைமயிர் காதை மறைத்துவிட்டது என்று புதுப் படம் எடுப்பித்து அனுப்பினார். இன்னொருவர், ஜூலையில் டேனிஷ்காரர் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், ஓகஸ்டில் எல்லாம் ஓடும் என்றார். ஓகஸ்டும் வந்துபோனது. மன்னார்த் தம்பி வேதக்காரன், மாதா கோயிலில் கலியாணம் கட்டியவன், பிள்ளையும் இல்லை, ஒரு சிக்கலும் இல்லாத பைல்.

"அப்ப உனக்கு ஏன் நிக்குது?" என்று கேட்டேன்.

"சுவாமியார் சீலைச் சரியா அடிக்கேல்லை அண்ணை. கலியாணத் துண்டிலை அரைவாசிதான் பதிஞ்சிருக்கு. அவர் அண்டைக்கு அவதியிலை நிண்டவர், மற்றப் பக்கம் செத்தவீடு ஒண்டு."

"விசரா! சீல் மங்கினதுக்கு ஒரு வருசமோ?"

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ, வேறை என்ன?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆரோ வேணுமெண்டு செய்யினம் போலையும் கிடக்கு" என்றான். நான் அவன்மேல் பாய்ந்தேன். ஊரில் சந்திக்குச் சந்தி துவக்கோடு நிற்கிறார்கள் என்று சட்டம் இருக்கிற நாட்டுக்கு ஓடிவந்துவிட்டு, இங்கேயும் சதி என்று சொன்னால் பிறகு எங்கே போய் நிற்பது? எங்கள் ஊருக்கு இந்தியப் படை வந்துவிட்டது, அங்கே சமாதானம், இனிக் குடும்பங்கள் ஏன் வரவேண்டும் என்று இங்கே பெரிய இடத்தில் கதைக்கிறார்கள் என்று யாரோ சொன்னதையும் நான் காதில் போடவில்லை. இந்த ஆட்கள் மெதுவானவர்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் என் மேசைக்கு அந்தக் கல் வந்தது. அதாவது அதன் காகிதம். சிறிய கல்லறை, மூன்றே வரி. கட்டினவன் பெயர் உடைந்து போயிருந்தது. இரண்டாம் வரியில், தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று தெளிவாக நின்றது. அதன்பின் 'உம்' மாதிரி ஒரு சொல். அதற்குப் பிறகு, கை அகலத்துக்கு, ஒன்றுமில்லை. மூன்றாம் வரியில் அம்மன் தண்டிப்பாள். மனைவி, பிள்ளைகள், பிறகு இன்னொருவர். அந்த இன்னொருவர் இருந்த இடம் மட்டும் வழுவழுப்பாகப் போயிருந்தது.

"இங்கே யார் இருந்திருக்கலாம்?" என்று அவளிடம் கேட்டேன். மற்றக் கற்களில் இப்படி வருகிற இடத்தில் மருமக்கள், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், மாமியார் என்று பலரும் உண்டு என்றாள். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு சொல் இருந்தது. அதை ஒரு துண்டில் எழுதிக் காட்டினாள். அன்றைக்கு முழுவதும் அந்தச் சொல்லை அந்த இடத்தோடு அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்ணாணைச் சொல்கிறேன், அளவாக இருந்தது. சொன்னேன். "அளவாக இருப்பது காரணம் இல்லை" என்றாள். "எல்லாம் அளவாகத்தான் இருக்கும், நமக்குப் பிடித்திருந்தால்."

அந்தக் கிழமையே வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டார். தானும் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டதாகவும் ஒன்றும் நகரவில்லை என்றும் சொன்னார். "எனக்குத் தெரிந்தவரை உன் விண்ணப்பத்தில் சிக்கலான இடம் அந்தப் பெண்தான். அவளுடைய பெயரை வெட்டிவிட்டுப் பார்க்கலாம். மனைவியும் மகனும் சுலபமாக வரக்கூடும். அடுத்த கிழமை வந்து சொல்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் விளங்கவில்லை, பாவம்.

சனிக்கிழமை காலை கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். கீழ்க் கடைக்காரர் மேலே ஆள் அனுப்பி மனைவியைக் கூப்பிட்டார். நான் வழக்கறிஞர் சொன்னதைச் சொல்லிவிட்டு, "நீர் என்ன சொல்லுறீர்?" என்றேன்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு இப்ப ஒண்டு எண்டா, மற்றது எங்கை போட்டுது எண்டு கேக்கமாட்டினமோ? என்ன சொல்லுவியள்? துலைச்சுப் போட்டன் எண்டோ?"

"நான் வெட்டப்போறன் எண்டு சொல்லேல்லை. கேக்கிறன்."

"கேக்கவும் வேண்டாம். வந்தா மூண்டு பேரும் வருவம். இல்லாட்டி உங்கடை டென்மார்க்கும் வேண்டாம், குளிரும் வேண்டாம்."

அதற்குள் பிள்ளை ரிசீவரைப் பறித்துவிட்டாள். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

"சித்தப்பா, என்ரை பேரை வெட்டிவிடுங்கோ. தம்பி பாவம். என்னாலைதானே எல்லாம் நிக்குது?"

"விசர்க்கதை கதையாதை பிள்ளை."

"உண்மையைச் சொல்லுங்கோ. என்னாலைதானே?"

இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே தெரியாதே! அவளால்தானோ என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தடுமாறிக்கொண்டு நிற்க, லைன் கொறகொறவென்று இரைந்து அறுந்து போனது. திரும்ப எடுத்தால் கிடைக்கவில்லை. கோதாரி விழுந்த லைன் என்று பெட்டியில் ஓங்கி அடித்தேன். மன்னார்த் தம்பி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டான்.

திங்கட்கிழமை ஓர்ஹூஸுக்குப் போய் மேசையில் குந்தினேன். அந்தக் காகிதம் அப்படியே கிடந்தது. விளக்கைப் பிடித்தேன், பார்த்தேன், வரைந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை. வழுவழுப்பான அந்த இடத்தில் எனக்கு எழுத்து தெரிந்தது. முதலில் ஒன்றின் தலை, பிறகு இன்னொன்றின் கால். பின்னேரம் அவள் வந்து பார்த்தபோது, உடன்பிறந்தவர்களின் பிள்ளை என்ற அந்தச் சொல் முழுதாக அந்த இடத்தில் இருந்தது. அடைப்புகூட இல்லாமல், தெளிவான எழுத்தாக வரைந்திருந்தேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். என் படத்தைப் பார்த்தாள். "நீ யாரை அங்கே பார்த்தாய்?" என்று கேட்டாள்.

என்னுடைய அரைகுறை டேனிஷில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன், பஸ், இரண்டு பிள்ளைகள், வழக்கறிஞர், தொலைபேசி. எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவள் இறப்பரை எடுத்து, நான் எழுதிய சொல்லை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தாள். "மன்னித்துக்கொள். ஆனால் இல்லாததை எழுதினால், உண்மையில் அங்கே இருந்தவரை நாம் இரண்டாம் முறை அழித்துவிடுவோம்" என்றாள். பிறகு, "வா, அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்று விளக்கை எடுத்து மேசையோடு மேசையாகத் தாழ்த்தினாள். அவ்வளவு தாழ்வாக நாங்கள் முன்பு பிடித்துப் பார்த்ததில்லை.

மழை தின்ற இடம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். மேலே ஒரு வெடிப்பு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் வழிந்து வழிந்து எழுத்து கரைந்திருக்கும் என்று அவளே குறிப்பு எழுதியிருந்தாள். விளக்குத் தாழ்ந்ததும் அந்த வழுவழுப்பில் கோடுகள் எழும்பின. மெல்லிய, குட்டையான கோடுகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாம் மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு, ஒரே சாய்வு.

"தண்ணீர் வழிந்த தடம்" என்றேன். ஏனோ எனக்கு மழையாகவே இருக்க வேண்டும் போலிருந்தது. மழை என்றால் யார்மேலும் பிழையில்லை. மழை என்றால் ஒருநாள் விடும்.

"மழைக்கு வலக்கைப் பழக்கம் கிடையாது" என்றாள்.

உளி. யாரோ ஒருவன் ஏணி வைத்து ஏறி, மனைவியையும் பிள்ளைகளையும் தொடாமல், அவர்களுக்கு அடுத்த ஆளை மட்டும் கொத்தி எடுத்திருக்கிறான். அதன்மேல் பிறகு இரண்டாயிரம் வருட மழை பெய்து கோட்டை மழுக்கிவிட்டது. யார் கொத்தியது, ஏன் என்று கேட்டேன். "தெரியாது. குடும்பச் சண்டையோ, கல்லறை கைமாறியதோ. ஒருவர் இருந்தார், ஒருவர் அவரை எடுத்தார். அவ்வளவுதான் தெரியும்" என்றாள். அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் என்ன பிரயோசனம் என்று எனக்கு எரிச்சல் வந்தது, கேட்டும் விட்டேன். அவள் சிரித்தாள். வேண்டுமென்று அழித்த இடத்துக்கு இரட்டை அடைப்பு போட வேண்டும் என்றாள். உள்ளே ஒன்றும் எழுதாமல், இரண்டு பக்கமும் இரட்டை அடைப்பு. அதை மையாலேயே கீறச் சொன்னாள்.

மறுநாள் வழக்கறிஞரிடம் போய், பெயரை வெட்ட வேண்டாம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். அதன்பின்னும் ஒன்றும் நடக்கவில்லை. என்னுடையதும் நகரவில்லை, சீல் மங்கிய மன்னார்த் தம்பியுடையதும் நகரவில்லை. ஓர்ஹூஸ் வேலை முடிந்து, வைலேயிலேயே ஒரு கட்டடக் கந்தோரில் படம் கீறும் வேலை கிடைத்தது. பிள்ளைக்குப் பதினேழு வந்தது. பிறகு பதினெட்டும் வந்தது. அன்றைக்கு அவளுக்கு வாழ்த்துச் சொல்ல எடுத்தேன். இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தோம்.

அது முடிந்து சில மாதத்தில், அடைத்த குழாய் திடீரென்று திறந்த மாதிரி, எல்லாருக்கும் அனுமதி வரத் தொடங்கியது. மன்னார்த் தம்பிக்கு வந்தது. சுவாமியாரின் அரைச் சீலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவிக்கும் மகனுக்கும் வந்தது. பிள்ளைக்கு வரவில்லை. பதினெட்டு தாண்டிவிட்டது, ஆகவே அவள் பிள்ளையில்லை. ஏன் நின்றது என்று தெரியாத மாதிரியே ஏன் திறந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை. பத்திரிகைகளில் ஏதேதோ வந்தது. ஒரு பக்கம் மறைத்தார்கள் என்றது, மறு பக்கம் ஒன்றையும் மறைக்கவில்லை என்றது. என் டேனிஷுக்கு அந்தச் சண்டை பிடிபடவில்லை.

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் மனைவி வெளியே வந்தபோது, நான் போய் அவள் சூட்கேசை வாங்கிக்கொண்டேன். மகன் என் தோள்வரை வளர்ந்திருந்தான். "நான் வரமாட்டன் எண்டுதான் நிண்டனான்" என்றாள் மனைவி. "அவள்தான் சூட்கேசை அடுக்கி, என்னைப் பிடிச்சுத் தள்ளி ஏத்திவிட்டவள். இஞ்சை இருந்தாத் தம்பியைப் பொலிசுக்காரர் பிடிச்சுக்கொண்டு போவினம், போங்கோ சின்னம்மா எண்டு." ரயிலில் வைலே வரும்வரை அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்வெட்டுகள் அச்சில் வந்தபோது, ஓர்ஹூஸ்காரி நான் கீறிய அந்தப் படத்தின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தாள். அதைச் சட்டம் போட்டு ஹோலில் கொழுவினேன்.

"உது என்ன?" என்றாள் மனைவி.

"கல்லறை."

"ஐயோ, குடும்பம் இருக்கிற வீட்டிலை கொழுவ உங்களுக்கு வேறை படம் கிடைக்கேல்லையோ?" என்று கிட்டப்போய்ப் பார்த்தாள். நான் வரிகளை வாசித்துச் சொன்னேன். மனைவிக்கும், பிள்ளைகளுக்கும். அவள் இரட்டை அடைப்பில் விரலை வைத்து, "இதிலை ஆர் இருந்தது?" என்றாள். தெரியாது என்றேன். அவள் பிறகு அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

சில வருடம் போய், ஒரு ஜனவரி மாதம், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்க, வானொலியில் செய்தி. அப்போது என் டேனிஷ் தேறியிருந்தது, ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விசாரித்த நீதிபதியின் அறிக்கை வந்திருக்கிறது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் தாமாகக் கிடக்கவில்லை. மேலே இருந்த அமைச்சரின் சொல்லால், சட்டத்துக்கு மாறாக, கிடக்க வைக்கப்பட்டன. அதனால் இப்போது பிரதமரே பதவி விலகுகிறார். ஓர் அரசாங்கம் எங்களால் விழுகிறது! மகன் டேனிஷில் ஏதோ கத்திக்கொண்டு துள்ளினான். எனக்குத் துள்ள வரவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு ஹோலில் நின்றேன். உளி. மன்னார்த் தம்பி சொன்னது சரி. ஒருவனுடைய பைலிலும் பிழை இருக்கவில்லை. அந்தப் பெயரை நான் வெட்டியிருந்தாலும் ஒன்றும் நகர்ந்திருக்காது. பிள்ளையால் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. எனக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு பெரிய ஆறுதலும் வந்தது. இரண்டும் ஒரேயடியாக வந்ததில் எதை முதலில் படுவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையே கொழும்புக்கு எடுத்தேன். அவள் அப்போதும் வெள்ளவத்தையில்தான், மனைவியின் உறவுக்காரர் வீட்டில் இருந்துகொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுத்தாள். லைன் இப்போது தெளிவு.

"பிள்ளை, நீ அண்டைக்கு ஒண்டு கேட்டனி. ஞாபகம் இருக்கோ?"

"ஓம் சித்தப்பா." எது என்று அவள் கேட்கவில்லை.

"அது உன்னாலை இல்லையடி பிள்ளை. எல்லாற்றை பைலையும் வேணுமெண்டு வைச்சிருந்தவை. இஞ்சை இப்ப வெளியிலை வந்திட்டுது, கவுண்மேந்தே விழுந்திட்டுது. உன்ரை பேராலை ஒண்டுமே நிக்கேல்லை. விளங்குதோ? உன்னாலை இல்லை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அவை செய்தது பிழை எண்டு சொல்லியாச்சோ?"

"ஓம், சொல்லியாச்சு. நீதிபதியே சொல்லிப்போட்டார்."

"அப்ப இனி நான் வரலாமோ, சித்தப்பா?"

பக்கத்தில் நின்ற மனைவி, "என்னவாம்? என்ன கேக்கிறாள்?" என்று என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். நான் ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டேன்.